எந்த நாளுடைய கோப்பு, அக்கா?

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் அந்தப் பனியன் நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன்பே என் கால் செருப்பைத் தேடத் தொடங்கிவிடும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று சர்வர் படுத்துவிட்டால் வாசலில் ஆட்கள் கூடிவிடுவார்கள். ஆனால் அன்று அக்கா கேட்டது சர்வரை அல்ல.

"ஒரே ஒரு எக்செல் கோப்புதான் தம்பி. பேக்கப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள். சின்ன வேலைதானே?"

சிறு நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. பின்னலாடை ஏற்றுமதி, ஒரு சாயப்பட்டறை, இரண்டு பள்ளிகள், ஒரு மருந்து மொத்த வியாபாரி. இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகிவிட்ட ஒன்றைச் சொன்னால் தொழிலில் இருப்பவர்களே சிரிக்கிறார்கள். செத்துப்போன சர்வரை முழுதாக எழுப்பி நிறுத்துவதைவிட, ஒற்றைக் கோப்பைத் தேடி எடுத்துக் கொடுப்பதுதான் சிரமம். முழு எந்திரம் என்றால் நேற்றிரவு நகல் இருக்கிறதா, இல்லையா என்பதோடு கேள்வி முடிந்தது. ஒற்றைக் கோப்பு என்றால் முதலில் ஒரு மனிதரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

பேசினேன். கோப்பு, ஓர் ஆர்டரின் காஸ்டிங் ஷீட். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒரு டி-ஷர்ட்டின் அடக்கவிலை பைசா சுத்தமாக எழுதியிருக்கும் கோப்பு. அது அழியவில்லை, இருந்த ஃபோல்டரிலேயே இருக்கிறது. உள்ளே மூன்றாவது தாளைத்தான் காணோம். யாரோ அந்தத் தாளை மட்டும் நீக்கி, சேமித்து, மூடிவிட்டார்கள்.

"கடைசியாக எப்போது பார்த்தீர்கள், அக்கா?"

"போன வாரம்தான்."

"போன வாரம் என்றால்?"

அக்கா யோசித்தார். "தீபாவளி போனஸ் கணக்கு முடிப்பதற்கு முன்னால்."

தீபாவளி போய் மூன்று வாரம் ஆகியிருந்தது.

நேற்றிரவு பேக்கப்பில் கோப்பு இருக்கத்தான் செய்யும், தாள் போன கோப்பாக. முந்தாநாள் பேக்கப்பிலும் அதுவே. பேக்கப் மென்பொருளுக்கு நல்ல மாற்றம், கெட்ட மாற்றம் என்ற பாகுபாடு கிடையாது. நீங்கள் கெடுத்ததையும் அதே பக்தியோடு எடுத்துவைக்கும். அதனால்தான் எத்தனை நாள் நகல்களை வைத்திருக்கிறோம் என்பது முக்கியமாகிறது. அங்கே நான் வைத்திருந்தது 14 தினசரி நகல்கள், 8 வார நகல்கள், 6 மாத நகல்கள். மூன்று வாரம் என்பது தினசரி நகல்களைத் தாண்டி வார நகல்களுக்குள் போய்விட்டது. தாள் அழிந்த நாளை இனி துல்லியமாகப் பிடிக்க முடியாது. எந்த வாரம் என்று மட்டும் பிடிக்கலாம்.

அந்த நிறுவனத்தில் நான்கு மெய்நிகர் எந்திரங்கள் ஓடுகின்றன. எங்கள் வாயில் அது வி.எம். ஒரே இரும்புப் பெட்டிக்குள் நான்கு கம்ப்யூட்டர்கள் குடித்தனம் நடத்துகின்றன என்று முதலாளிக்குச் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரர், வியன்னாவிலிருந்து வரும் ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மென்பொருள். அதன் பேக்கப் சர்வர் 2020 நவம்பரில் முதல் நிலையான பதிப்பாக வந்தது. நான் நம்பித் தூங்குவது அதை வைத்துத்தான். வி.எம்.மின் டிஸ்க்கை அது 4 எம்.பி. அளவுத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட கைரேகை போன்ற ஒரு பெயர். அதே உள்ளடக்கம் மறுபடி வந்தால் மறுபடி சேமிப்பதில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் மாறாத துண்டுகளை இரண்டு நாள் நகல்களும் பகிர்ந்துகொள்கின்றன. இதனால் 28 நகல்களும் ஒரு சுமாரான டிஸ்க்கில் அடங்கிவிடுகின்றன. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு துண்டு கெட்டால், அதைப் பகிர்ந்துகொண்ட அத்தனை நாள் நகல்களும் சேர்ந்து கெடும். 28 நகல் இருக்கிறது என்று மார்தட்டிக்கொள்ள ஏதுமில்லை. துண்டுகளின் கைரேகையை அவ்வப்போது சரிபார்க்கும் வேலையையும் ஓடவிட வேண்டும்.

பேக்கப்பில் இருப்பது டிஸ்க்கின் படம்தான், அதாவது முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுத்த ஒரே பொதி. கோப்புகள் அந்தப் படத்துக்குள், பகுதிகளுக்குள், விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் என்.டி.எஃப்.எஸ். கட்டமைப்புக்குள் ஒளிந்திருக்கின்றன. ஒரு கோப்புக்காக முழு வி.எம்.மையும் எழுப்ப வேண்டியதில்லை. ப்ராக்ஸ்மாக்ஸ் இதற்கென்றே கையளவு லினக்ஸ் வி.எம். ஒன்றைக் கிளப்பி, பேக்கப் படத்தை அதற்குள் படிக்க மட்டும் திறந்து, ஃபோல்டர்களைப் பட்டியலிடுகிறது. வீட்டுப் பூட்டைத் திறக்காமல் ஜன்னல் வழியே கைவிட்டு அலமாரியிலிருந்து ஒரு புடவையை எடுப்பது மாதிரி. எதற்கு இந்தத் தனிக் குட்டி எந்திரம்? கெட்டுப்போன அல்லது விஷமம் செய்து வைத்த கோப்புக் கட்டமைப்பைத் திறக்கும்போது ஏதாவது வெடித்தால், அது குட்டியோடு போகட்டும், பெரிய பெட்டி பிழைக்கட்டும் என்றுதான். உள்ளே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டைப் போட்ட டிஸ்க் என்றால் இந்த ஜன்னல் திறக்காது. முழு எந்திரத்தையும் தனியே எழுப்பித்தான் ஆக வேண்டும்.

அன்று ஜன்னல் திறந்தது. ஒவ்வொரு நகலாகத் திறந்து கோப்பின் அளவை மட்டும் ஒரு காகிதத்தில் குறித்தேன். நேற்று, 268 கே.பி. ஒரு வாரம் முன், 263. இரண்டு வாரம் முன், 259. நாள்தோறும் கொஞ்சம் எழுதுகிறார்கள், கொஞ்சம் வளர்கிறது. மூன்று வாரம் முன், 255. நான்கு வாரம் முன், 412.

அங்கேதான் தாள் இருந்தது. எக்செல்லைத் திறக்காமலேயே தெரிந்துவிட்டது. கோப்பை இறக்கி அக்காவின் திரையில் திறந்தேன். மூன்றாவது தாளைச் சொடுக்கி, ஒரு கட்டத்தில் இருந்த நூல் விலையைப் பார்த்து, "இதேதான்" என்றார். உடனே அதை எடுத்து இப்போதைய கோப்பின் மேல் ஒட்டப் போனார். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன்.

இந்த இடத்தில்தான் பலர் இரண்டாவது முறை இழக்கிறார்கள். தாள் போன பிறகும் மூன்று வாரத்துக்கு மேல் மற்றத் தாள்களில் வேலை நடந்திருக்கிறது. பழையதை மேலே போட்டால் போன தாள் வரும்; நான்கு வார வேலை போகும். எனவே மீட்டதை எப்போதும் தேதி போட்ட தனி ஃபோல்டரில்தான் வைப்பேன். அங்கிருந்து அந்த ஒரு தாளை மட்டும் இப்போதைய கோப்புக்குள் நகர்த்தினோம். ஒன்றரை மணி நேரம். அதில் கம்ப்யூட்டர் வேலை இருபது நிமிடம் இருக்கலாம். மிச்சமெல்லாம் "போன வாரம்" என்றால் என்ன என்று கண்டுபிடித்தது.

யார் அழித்தது என்று முதலாளி கேட்டார். அந்த ஃபோல்டரில் எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்திருக்கிறது, அதுவும் அவர் சொல்லித்தான் கொடுத்தது என்று நினைவுபடுத்தினேன். பேச்சு சம்பளத்துக்குத் திரும்பியது.

இதே நிறுவனத்தில்தான் அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் முழு சர்வரும் செத்தது. அந்தக் கதையில் என் மானம் கொஞ்சம் போகும், பரவாயில்லை.

பெட்டியில் ரெய்டு 5 முறையில் நான்கு டிஸ்க்குகள். ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் தாங்கும். இரண்டாவது போனால் எல்லாம் போச்சு. முதல் டிஸ்க் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எச்சரிக்கும் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன் மேல் ஆயுத பூஜைக்கு அப்பிய சந்தனம் காய்ந்து கெட்டியாகி இருந்தது. மின்னஞ்சலில் எச்சரிக்கை வரும்படி நான் அமைத்திருக்க வேண்டும், அமைக்கவில்லை. சந்தனத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காலை பதினொரு மணிக்கு இரண்டாவது டிஸ்க் போனது.

என் கடையிலிருந்த பழைய சர்வர் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவ அரைமணி நேரம். பேக்கப் பெட்டி வேறு அறையில் பத்திரமாக இருந்தது. இணைத்ததும் நகல்கள் வரிசையாகத் தெரிந்தன, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் பச்சை டிக். முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்று, "வந்துவிடும், இல்லையா?" என்றார். "வந்துவிடும்" என்று சொல்லி ரீஸ்டோர் பொத்தானை அழுத்தினேன். மறையாக்கச் சாவி இல்லை என்று பிழைச்செய்தி வந்தது.

பேக்கப்பை, சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி, நான்தான் மறையாக்கம் செய்து வைத்திருந்தேன். யாராவது பேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாலும் கணக்கு வழக்கு வெளியே தெரியக் கூடாது என்ற நல்ல எண்ணம். அதற்கான சாவிக் கோப்பு இருந்தது செத்துப்போன சர்வரில். அதன் நகல் ஒன்றைப் பாஸ்வேர்டுகள் எழுதிய எக்செல்லோடு வைத்திருந்தேன். அது இருந்தது ஃபைல் சர்வர் வி.எம்.மில். அந்த வி.எம். இருந்தது மறையாக்கம் செய்த பேக்கப்பில். பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தேன். இதில் பின்கதவு எதுவும் கிடையாது. மென்பொருள் செய்தவர்களே வந்தாலும் திறக்க முடியாது. மறையாக்கம் என்பதன் பொருளே அதுதான்.

வியர்த்துக்கொட்ட உட்கார்ந்திருந்தபோது அக்கா எட்டிப் பார்த்து, "நீங்கள் முதல் நாள் ஒரு காகிதம் கொடுத்தீர்களே, கட்டம் கட்டமாக, அதா?" என்று கேட்டார்.

அந்தச் சாவியைக் காகிதத்தில் அச்சிடும் வசதி ப்ராக்ஸ்மாக்ஸில் உண்டு. ஒரு கியூ.ஆர். கட்டம், அதோடு சில வரி எழுத்துகள். முதல் நாள் சும்மா அச்சிட்டுப் பார்த்து, "வைத்திருங்கள் அக்கா" என்று கொடுத்து மறந்திருந்தேன். அக்கா எதையும் தூக்கிப்போடுகிறவர் அல்ல. ஏ.எம்.சி. என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்த ஃபைலில், என் முதல் ரசீதுக்குப் பின்னால், துளையிட்டுக் கோத்து வைத்திருந்தார். ஒரு துளை கியூ.ஆர். கட்டத்தின் ஓரத்தை லேசாகக் கடித்திருந்தது. அதை நம்பாமல் எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்தேன். இரண்டு முறை தவறியது. பூஜ்யத்துக்கும் ஆங்கில ஓ எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல். மூன்றாவது முறை திறந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கணக்குதான். ஒரு கிகாபிட் வயரில் நொடிக்கு 110 எம்.பி. போனால் அது நல்ல நாள். 2 டி.பி. ஃபைல் சர்வருக்கு ஐந்து மணி நேரம். முதலில் அதையே தொடங்கினேன், பெரியது முதலில் என்று. பத்து நிமிடத்தில் நிறுத்தினேன். பயனர் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் எழாமல் ஒருவராலும் உள்நுழைய முடியாது. அது 60 ஜி.பி.தான். அதை முதலில், கணக்கு மென்பொருள் ஓடும் டேலி சர்வரை அடுத்து, ஃபைல் சர்வரைக் கடைசியில் என்று மாற்றினேன். இந்த வரிசையை அமைதியான ஒரு நாளில் காகிதத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

வி.எம்.மை உடனே ஓடவிட்டு, பின்னால் துண்டுகளை இழுத்துக்கொள்ளும் நேரடி மீட்பு என்ற வழியும் உண்டு. நான் அதை எடுக்கவில்லை. பாதியில் மின்சாரமோ வயரோ போனால், எழுந்ததிலிருந்து எழுதியது எல்லாம் தொலையும். மே மாதத்துத் திருப்பூரில் நான் மின்சாரத்தோடு பந்தயம் கட்டுவதில்லை.

டேலி சர்வர் முழுதாக வந்த பிறகும் கிளம்ப மறுத்தது. வி.எம். பேக்கப்பில் அதன் நினைவகம் எவ்வளவு, நெட்வொர்க் அட்டை எது என்ற விவரமெல்லாம் கூடவே வந்துவிடும். ஆனால் அது குடியிருந்த வீட்டின் விவரம் வராது. பழைய பெட்டியில் வி.எம்.களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் நெட்வொர்க் பாலங்கள் இரண்டு இருந்தன, புதியதில் ஒன்றுதான். இல்லாத பாலத்தைத் தேடிக்கொண்டு நின்றது. அதைச் சரிசெய்து, இரவு ஒன்பதரைக்குக் கடைசி எந்திரம் எழுந்தது. அன்று காலை அலுவலகம் திறந்ததிலிருந்து பதினொரு மணி வரை பதிந்தவை எந்தப் பேக்கப்பிலும் இல்லை. வாசல் காவலரின் நோட்டில் எந்த வண்டி எத்தனை மணிக்கு எத்தனை மூட்டையோடு வந்தது என்று பென்சிலில் இருந்தது. அதையும் பில் புத்தகத்தையும் வைத்து அக்கா மறுபடி ஏற்றினார்.

பச்சை டிக்கைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு, மென்பொருள் எழுதுவோரின் நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லாப் நிறுவனத்தின் கதை நினைவுக்கு வரும். 2017 ஜனவரி 31 அன்று, களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர் துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் தரவுத்தளத்தை அழித்தார். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார். சுமார் 300 ஜி.பி.யில் 4.5 ஜி.பி. மிச்சம். ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் பெயரளவில் இருந்தன. ஒன்றும் உருப்படியாகக் கைகொடுக்கவில்லை. அன்றாடம் எடுத்த நகல் பல நாளாகத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தரவுத்தளம் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் கருவி 9.2 பதிப்பு. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்கள் சரியான கையொப்பம் இல்லாததால் பெறும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டன. காப்பாற்றியது, வேறு வேலைக்காக அந்தப் பொறியாளரே ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட், டிஸ்க்கின் அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைத்த பதிவு. அதை நகலெடுத்து முடிக்கவே பதினெட்டு மணி நேரம் போலப் பிடித்தது. அத்தனையையும் யூடியூபில் நேரலையாகக் காட்டி, நடந்தது முழுவதையும் எழுதி வெளியிட்டார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

அங்கே ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது என்பதைப் படித்துவிட்டு யாரும் ஸ்னாப்ஷாட்டையே பேக்கப்பாக வைத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது மூல டிஸ்க் இருக்கும் அதே சேமிப்பகத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வீடு எரிந்தால் வீட்டின் போட்டோவும் சேர்ந்து எரியும்.

மீட்டுப் பார்த்துச் சோதிக்கப் போய் நான் பட்ட அவமானமும் ஒன்று உண்டு. இது வேறொரு வாடிக்கையாளரிடம். பேக்கப் வேலை செய்கிறதா என்று பார்க்க பில்லிங் சர்வரின் நகலை ஓடும் சர்வருக்குப் பக்கத்திலேயே எழுப்பினேன். மீட்கும்போது நெட்வொர்க் அட்டைக்குப் புது முகவரி கொடுக்கும் தேர்வைச் சொடுக்கியிருந்தேன், எனவே மோதாது என்று நம்பினேன். மாறியது அட்டையின் முகவரி மட்டும். விண்டோஸுக்குள் கையால் போட்டு வைத்த ஐ.பி. முகவரி அப்படியே இருந்தது. ஒரே முகவரியில் இரண்டு சர்வர்கள். நாற்பது நிமிடம் சில பில்கள் உண்மையான சர்வருக்கும், பதினொரு பில்கள் என் சோதனை நகலுக்கும் போயின. வாடிக்கையாளர் கையில் அச்சான பில் இருக்கிறது, கணக்கில் இல்லை. அன்றிலிருந்து மீட்ட நகலை முதலில் நெட்வொர்க் வயரைக் கழற்றித்தான் எழுப்புகிறேன். வி.எம்.மில் வயரைக் கழற்றுவது என்றால் ஒரு டிக் போடுவது, அவ்வளவே.

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியிடத்தில் என்ற கணக்கைப் பரப்பியவர் பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர். பனியன் நிறுவனத்தின் வெளியிடம் முதலாளி வீட்டுப் பூஜை அறை. வாரம் ஒரு யு.எஸ்.பி. டிஸ்க்கில் ஏற்றிக் கொடுப்பேன். அவர் அதை முருகன் படத்துக்குக் கீழே வைக்கிறார். வெள்ளிக்கிழமை அதற்கும் குங்குமம் உண்டு. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால், எந்த வயரிலும் சேராமல் கிடக்கும் அந்த டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் எந்த ரான்சம்வேரும் தொட முடியாது. குங்குமத்தை மட்டும் இணைக்கும் துளையில் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

சாவிக் காகிதம் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகையும் உண்டு. கோப்பைத் தேர்ந்தெடுப்பது நான் அல்ல, அக்கா. நான் தேர்ந்தெடுத்தால் எனக்குத் தெரிந்த கோப்பையே எடுப்பேன், திறந்ததும் சரி என்று சொல்லிவிடுவேன். உள்ளே இருப்பது சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன ஒத்திகையில் அக்கா ஒரு காஸ்டிங் ஷீட்டைச் சொன்னார், வியாழக்கிழமை தேதிக்கு. வியாழன் நகலைத் திறந்தேன், இறக்கினேன், பழுதில்லாமல் விரிந்தது. நான் பதிவேட்டில் 'வெற்றி' என்று எழுதிக்கொண்டிருந்தபோது அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டாவது தாளைப் பார்த்தார்.

"இது பழைய விலை, தம்பி. வியாழக்கிழமைதான் சாயக் கூலியை மாற்றினேன்."

பேக்கப் ஓடிய நேரத்தைப் பார்த்தேன். இரவு ஒன்பது மணி. கோப்பை அக்கா கடைசியாகச் சேமித்தது ஒன்பது நாற்பது. ஷிப்மென்ட் வாரம், அன்று கிளம்பும்போது பத்தாகிவிட்டதாம். அலுவலகம் எட்டு மணிக்கு மூடிவிடும் என்று நிறுவிய அன்று என்னிடம் சொன்னது முதலாளி. நானும் அதை நம்பி ஒன்பது என்று போட்டிருந்தேன்.

எழுதியதை அடித்துவிட்டு, பேக்கப் நேரத்தை அதிகாலை இரண்டு மணிக்கு மாற்றினேன்.